சாமிக்கு வைத்த மூக்கு

மணி அடித்தால் எங்கள் நிலையத்தில் முதலில் கிளம்புவது என் வயிறு. வண்டி அதற்கப்புறம்தான். பேட்டரி முனகும், செல்ஃப் எடுக்காது, ஷட்டர் பாதியில் சிக்கிக்கொள்ளும். என் வயிறு மட்டும் இத்தனை வருட சர்வீஸில் ஒரு தடவைகூடத் தாமதித்ததில்லை. அரசாங்கம் எனக்கு ஒழுங்காகக் கொடுத்த ஒரே உபகரணம் இந்தப் பயம்தான் என்று வீட்டில் சொல்வேன். "அதுக்கும் ஒரு ஸ்பேர் வாங்கி வச்சிக்கோ" என்பாள் மனைவி. அவளுக்கு என் வேலை மீதும் மதிப்பில்லை, என் நகைச்சுவை மீதும் மதிப்பில்லை.

நான் தீயணைப்பு வண்டி ஓட்டுகிறவன். உண்மையில் ஓட்டுநராகச் சேர்ந்தவன் இல்லை, குழாய் பிடிக்கச் சேர்ந்தவன். பழைய டிரைவர் ஓய்வு பெற்றபோது, "ஆள் வர்ற வரைக்கும் கொஞ்ச நாள் ஓட்டுய்யா" என்றார்கள். அந்தக் கொஞ்ச நாளில் என் மகள் பள்ளி முடித்து, கல்லூரி முடித்து, கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்கும் போய்விட்டாள். ஆள் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்.

எங்கள் நிலையம் எண்ணூர்ப் பக்கம். சென்னை இதோடு முடிந்ததா இல்லையா என்று சென்னைக்கே சந்தேகம் வருகிற இடம். ஒரு பக்கம் கண்டெய்னர் லாரிகளின் வரிசை, ஒரு பக்கம் மணலிப் புகை, நடுவில் சாம்பல் கலந்த கழிமுகம். நெட்டுக்குப்பத்து ஓலைக் கொட்டாயில் தீ என்றாலும் நாங்கள்தான். சடையங்குப்பத்தில் வெள்ளத்தில் மாடு சிக்கினாலும் நாங்கள்தான். மீஞ்சூருக்கு அந்தாண்டை வைக்கோல்போர் எரிந்தாலும் நாங்கள்தான். இத்தனைக்கும் ஒரே வண்டி. கட்டடம் முன்பு ரேஷன் கிடங்காக இருந்தது. எலிகளுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை, அரிசி வரும் என்று குடும்பத்தோடு காத்திருக்கின்றன. கூரையில் காரை விழுந்து கம்பி தெரிகிற இடத்துக்கு நேர் கீழேதான் என் கட்டில். தீயில் சாகப் பயந்து வந்தவன் கூரை விழுந்து சாவான் போலிருக்கிறது என்று இரண்டு பயத்தையும் மாற்றி மாற்றிப் பட்டுக்கொண்டிருப்பேன். ஒன்றே என்றால் அலுத்துவிடும் இல்லையா.

இருக்கவேண்டிய ஆட்களில் பாதிப் பேர் இருந்தோம். அந்தப் பாதியிலும் பாதிப் பேர் எப்போதும் வேறு எங்கேயாவது இருப்பார்கள். பெரிய மனிதர் ஹெலிகாப்டரில் இறங்குகிற மைதானத்தில், தேரோட்டத்தில், மாநாட்டுப் பந்தலில். பெரிய மனிதர் தீப்பிடித்துக்கொள்வார் என்று ஏன் இவ்வளவு நிச்சயமாக நம்புகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. பிடித்தால் நல்லதுதான் என்று நினைத்த நாட்களும் உண்டு. வாயில் சொல்லவில்லை.

ஆள் நிறைய இருந்த காலத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மணி அடித்ததும் வண்டியின் பக்கவாட்டு ஷட்டரைத் தூக்கிக்கொண்டு ஒருவர் நின்று சத்தமாகக் கூப்பிடுவார். "ஹோஸ்!" "இருக்கு!" "கோடாரி!" "இருக்கு!" "பிராஞ்ச்!" "இருக்கு!" பொருளைத் தொட்டுப் பார்த்தவன்தான் பதில் சொல்லவேண்டும். எல்லாம் இருக்கிறது என்றான பிறகுதான் வண்டி நகரும். கூப்பிட்டுக்கொண்டிருந்தவரை நகரத்துக்குள் வேறு நிலையத்துக்கு மாற்றினார்கள். அவர் இடம் காலி. அதன் பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நானே கூப்பிட்டேன், பின்னால் திரும்பிப் பார்க்க நேரமில்லாமல் நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். கேள்வியும் நான், பதிலும் நான். சட்டசபைகூட இவ்வளவு சுமுகமாக நடக்காது.

பிராஞ்ச் என்றால் ஹோஸின் முனையில் மாட்டுகிற பித்தளைக் குழல். அடிப்பக்கம் அகலம், நுனி ஒடுக்கம். அது இருந்தால்தான் தண்ணீர் குறுகி, விசை பிடித்து, தூரத்தில் எரிகிறதைப் போய் அடிக்கும். இல்லாவிட்டால் வீதியில் மெட்ரோ தண்ணீர்க் குழாய் உடைந்த மாதிரி காலடியில் கொட்டும். எங்களிடம் முன்பு சில பிராஞ்சுகள் இருந்தன. ஒன்று மரை தேய்ந்து மாற்றித்தர அனுப்பினோம், போனது போனதுதான். ஒன்று விரிசல் விட்டது. ஒன்று இன்னொரு நிலையத்துக்கு 'ரெண்டு நாளைக்கு' என்று போனது. மிச்சம் ஒன்றே ஒன்று. கேட்கும்போதெல்லாம் "நிதி வரட்டும்" என்றார்கள். கடைசியில் நிதியும் வந்தது. வாசல் அகலத்துக்கு ஒரு விழிப்புணர்வு பேனராக வந்தது. அதில் வெள்ளைவெளேரென்று ஒருவன் புத்தம்புது பிராஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். எனக்கு அந்த பேனரைப் பார்த்தால் குமட்டும். பேனரில் இருப்பவனிடம் இருந்த புதுசு, என் வண்டியில் இல்லை.

பிராஞ்சுக்கு மூக்கு என்று பேர் வைத்தது நெட்டுக்குப்பத்து அக்கா. மீன் கூடையோடு நிலையத்து வழியாகப் போகிறவள். நாங்கள் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தால் நின்று இரண்டு வார்த்தை வம்பு பேசாமல் போகமாட்டாள். என்னைவிடச் சின்னவளாகத்தான் இருப்பாள், இருந்தாலும் எல்லோருக்கும் அவள் அக்கா. புருஷன் பக்கவாதத்தில் படுத்ததும் அவள் இறால் உரிக்கிற கம்பெனிக்குப் போனாள். ஐஸில் விரல் வெந்து, நகக்கண் அழுகி, எப்படிக் குளித்தாலும் போகாத நாற்றத்தோடு வருஷக்கணக்கில் உரித்தாள். அப்புறம் துணிந்து புருஷனுடைய பைபர் படகைத் தூசி தட்டி, கூலிக்கு ஆள் வைத்துக் கடலுக்கு அனுப்பினாள். படகு பழையது. இஞ்சினும் வலையும் அவள் சேர்த்தது. வலை ஒவ்வொரு துண்டாகச் சேர்ந்தது. "இந்த வலை கீற வரைக்கும் நான் மொதலாளி நைனா. வலை பூட்ச்சின்னா மறுபடியும் அந்த எறா நாத்தம்தான்" என்பாள்.

அது ஆயுதபூஜை நாள். எங்கள் அதிகாரி தெற்கத்தி ஆள். எண்ணூருக்கு மாற்றியதைத் தண்டனை என்று நினைத்துத் தினமும் காலையில் மூக்கைப் பொத்திக்கொண்டே வருவார். அவருக்கு ஒரே கவலை, மேலே போட்டோ அனுப்பவேண்டும்.

"என்னவே டிரைவர், வண்டி பளபளன்னு இருக்கணும். போன வருஷம் நம்ம போட்டோவ பாத்துட்டு காயலாங்கடையான்னு கேட்டாவ."

"சார், கழுவறதுக்குத் தண்ணி லாரி இன்னிக்கு வராது. போர் தண்ணில கழுவினா மஞ்சள் மஞ்சளா நிக்கும்."

"வண்டியிலேயே டாங்க் நிறையத் தண்ணி இருக்குல்லா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. தீயை அணைக்க வைத்திருக்கிற தண்ணீரில் தீயணைப்பு வண்டியைக் குளிப்பாட்டுவது என்பது, மாத்திரை வாங்க வைத்த காசில் டாக்டருக்கு மாலை வாங்கிப் போடுகிற மாதிரி. ஆனால் உத்தரவு உத்தரவுதான். குளிப்பாட்டினோம். வண்டிக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினோம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை வைத்தோம். கண்ணாடியில் பட்டையும் பொட்டும் வைத்ததில் வண்டி முகம் கழுவிய மாமியார் மாதிரி விறைப்பாக நின்றது.

என் கூட்டாளி, ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த வீசிங்காரர், பிராஞ்சைக் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்தார். ஐந்து மாடி புகையில் ஏறியிறங்கிச் சேர்த்த வீசிங் அது. மூச்சு வாங்க வாங்கத் தங்கம் மாதிரி தேய்த்து, கோடாரி, ஹெல்மெட்டோடு சேர்த்து ஹாலில் அம்மன் படத்துக்கு முன் வாழை இலையில் படுக்கவைத்தார். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று அதன் வாயில் ஒரு சாமந்தியும் செருகினார்.

அந்த நேரம் பார்த்து அக்கா பொரிப் பொட்டலத்தோடு வந்தாள். அன்றைக்குக் கடலுக்குப் போகிற வேலை கிடையாது.

"இன்னா நைனா, மூக்குக்கு இன்னிக்கு லீவா?"

"நாளைக்குக் காலைலதான் பிரிச்சு எடுக்கணும்க்கா. ஐதீகம். உன் வூட்ல பூஜை முடிஞ்சிதா?"

"நானும் இஞ்சினு, வலை அல்லாத்தியும் கொட்டாய்ல சாமி முன்னாடி அடுக்கி வெச்சிட்டுதான் வரேன். வெளக்கு எரியுது. போயி கற்பூரம் காட்டணும்."

அவள் போன பிறகு எங்கள் பூஜையும் நடந்தது. அதிகாரி போட்டோ எடுத்தார். பூசணிக்காய் உடைத்தோம். சுண்டல் வாயில் இருக்கும்போதே மணி அடித்தது. போனை எடுத்தவர் கத்தினார்: "நெட்டுக்குப்பம்! வலைக் கொட்டாய்!"

என் வயிறு கிளம்பியது. நான் அதன் பின்னால் ஓடினேன்.

அன்று நிலையத்தில் இருந்தது மொத்தமே அதிகாரி, வீசிங்காரர், நான், போன் எடுக்கிறவர். மற்றவர்கள் ஹெலிகாப்டர் மைதானத்தில். போன் எடுக்கிறவர் போனை விட்டு வரக்கூடாது. வீசிங்காரர் பின்னால் ஏற, அதிகாரி என் பக்கத்தில் ஏற, வண்டி எலுமிச்சையை நசுக்கிக்கொண்டு கிளம்பியது. செல்ஃப் முதல் தடவையிலேயே எடுத்தது. அம்மன் அருள் என்றார் அதிகாரி. வாழைக்கன்றுகள் கண்ணாடியில் மாறி மாறி அறைந்தன. எனக்கு முன்னால் பாதை தெரிந்ததைவிட இலை தெரிந்ததுதான் அதிகம். சைரன் சத்தம் கேட்டுத் திரும்பிய ஒரு டிரெய்லர்காரன் ஊர்வலம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான், ஆனால் வழி விடவில்லை. சாமியைப் பார்த்தால் நின்று கும்பிடுவதுதானே மரியாதை.

நான் பயத்தில் இருந்தால் வாய் தானாக ஓடும். "ஹோஸ்? இருக்கு. கோடாரி? இருக்கு. பிராஞ்ச்? இருக்கு." சொல்லிக்கொண்டே ஓட்டினேன். கணீரென்று சொன்னேன். அதிகாரிகூட, "நல்ல பழக்கம்வே" என்றார்.

கடற்கரையில் கொட்டாயின் ஒரு பக்கக் கூரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கற்பூரத்தட்டைக் கீழே வைத்ததும் காற்று தீயை ஓலைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டது. வலை அடுக்கியிருந்த பக்கத்துக்குத் தீ இன்னும் வரவில்லை. எங்களுக்கு நேரம் இருந்தது. இதை நான் எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன், நேரம் இருந்தது.

அக்காவும் குப்பத்து ஆட்களும் இஞ்சினை இழுத்து ஈர மணலில் உருட்டிவிட்டிருந்தார்கள். அவள் புடவை முந்தானை கருகியிருந்தது. வண்டியைப் பார்த்ததும் ஓடிவந்தாள்.

"இன்னாய்யா கல்யாண ஊர்கோலமா வந்துகினு கீறீங்க! வலை உள்ளதான் கீது! அட்ச்சி ஊத்துங்க!"

வீசிங்காரர் ஹோஸை இழுத்து விரித்தார். நான் பம்பைப் போட்டேன். அவசரத்தில் எந்த லீவர் என்று தெரியாமல் முதலில் வைப்பரைப் போட்டுவிட்டேன். அது வாழை இலையைத் துடைத்தது. அப்புறம் சரியான லீவர் கிடைத்தது. வீசிங்காரர் கையை நீட்டினார். "பிராஞ்ச குடு!"

"அங்கதான் இருக்கு."

"எங்க இருக்கு?"

"இருக்குன்னு சொன்னேனே!" என்றேன். பதில் சொன்னவன் நான்தான் என்பது அந்த நொடியில்தான் எனக்கே உறைத்தது. பிராஞ்ச் மாட்டுகிற கொக்கி காலியாக இருந்தது. நான் அந்தக் கொக்கியைத் தடவிப் பார்த்தேன். மறுபடி தடவினேன். கொக்கிக்குப் பின்னால் பார்த்தேன். என் சட்டைப் பையில்கூடப் பார்த்தேன். முழங்கை நீளப் பித்தளைக் குழலை, கடவுளே, சட்டைப் பையில்.

"மூக்கு எங்கடா?" என்றாள் அக்கா.

"சாமிகிட்ட கீதுக்கா."

அவள் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க எனக்குத் திறமை இல்லை. அழுகின மீனைப் பார்த்தால் அவள் ஒரு சலிப்போடு ஓரமாகத் தள்ளுவாள். அந்தச் சலிப்பு கூட இல்லை.

"திறந்துவிடு" என்றார் வீசிங்காரர். வெறும் ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு, தூரத்திலிருந்து அடிக்கவேண்டிய தண்ணீரைக் கிட்டே கொண்டுபோய்க் கொட்டுவதற்காகத் தீக்கு அடியிலேயே போய் நின்றார். புருவம் பொசுங்கியது. இருமிக்கொண்டே கொட்டினார். தண்ணீர் கூரைக்கு ஏறவில்லை, மணலைத்தான் குளிப்பாட்டியது. ஆனாலும் கீழ்ப்பக்க ஓலை நனைந்தது, தீ கொஞ்சம் தயங்கியது. குப்பத்து ஆட்கள் அன்னக்கூடையில் மணலை வாரி வீசினார்கள். இப்படியே விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று தோன்றிய நேரத்தில் பம்பின் சத்தம் மாறியது. வறட்டுச் சத்தம். டாங்க் காலி. மூக்கில்லாத குழாய் எத்தனை வேகமாகக் குடிக்கும் என்பது ஒரு பக்கம். மீதித் தண்ணீர் காலையில் போட்டோவுக்குக் குளித்துவிட்டுப் போயிருந்தது என்பது இன்னொரு பக்கம்.

அதிகாரி போனில் கத்திக்கொண்டிருந்தார். அடுத்த நிலையத்து வண்டி ஹெலிகாப்டர் மைதானத்தில், பெரிய மனிதர் இன்னும் இறங்கவில்லையாம். பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் சொந்த வண்டி உண்டு, எங்களுடையதைப் போல மூன்று மடங்கு. அதன் மதில் சுவருக்கு மேலே சிவப்பு விளக்கு தெரிந்தது. வெளியே அனுப்ப மேலிடத்து அனுமதி வேண்டும், மேலிடம் பண்டிகை விடுமுறையில் இருந்தது.

காற்று திரும்பியது. கூரை வலைமேல் விழுந்தது.

நைலான் வலை எரிவதைப் பார்த்திருக்கிறீர்களா? கொழுந்துவிட்டு எரிந்தால் பரவாயில்லை, அது உருகும். சொட்டுச் சொட்டாகக் கறுப்புக் கஞ்சி மாதிரி ஒழுகி, ஒன்றோடு ஒன்று ஒட்டி, கடைசியில் செத்த பன்றி மாதிரி ஒரு கட்டியாகிவிடும். அந்தப் புகை தொண்டையில் இனிப்பாகப் படியும். அதுதான் அருவருப்பு, இனிப்பு. எனக்கு வாந்தி வந்தது. வண்டியின் டயரைப் பிடித்துக்கொண்டு, பொட்டு வைத்த டயர், பொரியும் சுண்டலுமாக வாந்தி எடுத்தேன். எத்தனையோ தீயைப் பார்த்தவன். குடலைப் புரட்டியது தீ இல்லை.

அக்கா அழவில்லை. வலை இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நானும் சாமி முன்னாடி வெச்சேன், நீங்களும் சாமி முன்னாடி வெச்சீங்க" என்றாள். "நம்ம ரெண்டு பேரும் இன்னா பொழப்பு பொழக்கறோம் நைனா."

எனக்குச் சட்டென்று ஒரு ஜோக் தோன்றியது. வழக்கமாகத் தோன்றும். அன்று அதை விழுங்கிவிட்டேன். அதுவும் இனிப்பாகத்தான் இறங்கியது.

மறுநாள் ஒரு பெரிய மனிதர் வந்தார், அரிசி மூட்டையும் புடவையும் கொடுக்க. வாழைக்கன்று வாடித் தொங்கிய எங்கள் வண்டியைப் பின்னால் நிறுத்தச் சொன்னார்கள், போட்டோ நன்றாக வருமாம். அக்கா புடவையை வாங்கும்போது அவள் கையை உயரத் தூக்கிப் பிடித்துக் கேமராவுக்குக் காட்டினார் அவர். அவள் விரல்களை ஒருவரும் பார்க்கவில்லை. என்ன நடந்தது என்று மேலே கேட்டதற்கு அதிகாரி சொன்ன பதில், "பலத்த காற்று." பொய் இல்லை. காற்றும் அடித்ததுதான். பிராஞ்ச் ஒன்று கூடுதலாகக் கேட்கலாமே சார் என்றேன். "இப்ப கேட்டா ஏன்னு கேப்பாவ" என்றார். அந்த வாக்கியத்தை நான் பல நாள் வாயில் வைத்து மென்றிருக்கிறேன். ஒரு துறையை இவ்வளவு சுருக்கமாக யாரும் விளக்கியதில்லை.

இஞ்சினை அவள் வேறொருவர் படகுக்கு வாடகைக்கு விட்டாள். வலை இல்லாமல் படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. அவள் மறுபடியும் எறா உரிக்கப் போனாள். ஒரு நாள் திருவொற்றியூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும்போது எனக்குப் பக்கத்தில் அவள். ஏறிய உடனே தெரிந்தது, முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே. எதிரே இருந்த ஒரு ஆள் கைக்குட்டையை மூக்கில் வைத்தார்.

"இன்னா மொதலாளி, கர்சீப்ப நல்லா இறுக்கி கட்டிக்கோ. நான் எண்ணூர் வரிக்கும் வரேன்" என்றாள் அவரிடம். என்னிடம் திரும்பி, "உனக்கு கர்சீப் வேணாமா?" என்றாள்.

"என் மூக்கு சாமிகிட்ட கீதேக்கா" என்றேன். வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகு செத்துவிடலாம் போலிருந்தது. அவள் ஆட்டோவே குலுங்கும்படி சிரித்தாள். சிரித்து முடித்ததும், "பேமானி" என்றாள். அதைச் சிரிக்காமல் சொன்னாள்.

அடுத்த ஆயுதபூஜைக்குள் வீசிங்காரர் ஓய்வுபெற்றுப் போனார். அவர் இடமும் காலி. பிராஞ்ச் அதே ஒன்றுதான். அதிகாரி அதே அதிகாரிதான், அதே போட்டோக் கவலை.

"பிராஞ்ச எடுத்து இலைல வையிவே."

"மாட்டேன் சார்."

"என்ன, மாட்டியா?"

"கோடாரி வைக்கிறேன், ஹெல்மெட் வைக்கிறேன், வேணும்னா நானே இலைல படுத்துக்கறேன், பொட்டு வையுங்க. அது வண்டிய விட்டு எறங்காது." குரல் கிரீச்சென்று வந்தது. வீரம் எனக்குப் பழக்கமில்லை. வயிறு கிளம்பிவிட்டது, மணிகூட அடிக்கவில்லை. அதிகாரி என்னை முறைத்தார். பிறகு வாசல் பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அக்கா பொரிப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தாள். கம்பெனிக்குப் போகிற வழி. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. எங்கள் ஹாலுக்குள் வரவில்லை, அம்மன் படத்தைப் பார்க்கவில்லை, அதிகாரியைப் பார்க்கவில்லை. நேராக வண்டிக்குப் பக்கவாட்டில் போய், சிக்குகிற அந்த ஷட்டரை ஒரே இழுப்பில் தூக்கினாள். கையை உள்ளே விட்டாள். கொக்கியில் மாட்டியிருந்த பித்தளையை, வெந்து வெளுத்த விரல்களால், நுனியிலிருந்து மரை வரைக்கும் தொட்டுப் பார்த்தாள்.

"மூக்கு" என்று கூப்பிட்டாள், சத்தமாக, பழைய ஆள் கூப்பிட்ட மாதிரியே. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

"கீது."

ஷட்டரை இறக்கி, பொரியை வண்டியின் படியில் வைத்துவிட்டு, எறா கம்பெனிப் பக்கம் நடந்தாள்.